கட்டம்போட்ட குலம்

கட்டம்போட்ட துணியைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஹட்டன் கடைத்தெருவில் யாராவது கட்டம்போட்ட சேர்ட்டோடு எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த மனிதர் பாவம், மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி மாட்டியிருப்பார். இருந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் துணியின் பெருமையை வருடக்கணக்காக வாய் வலிக்கப் பேசிச் சம்பளம் வாங்கியவள் நான். இனி ஒரு நல்ல வார்த்தை அதைப் பற்றி என் வாயிலிருந்து வராது.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமார் இருந்த பெரிய பங்களா இப்போது ஹோட்டல். வரவேற்பறைச் சுவரில் ஒரு மான்தலை. அதன் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாவாடை. பாவாடை என்று சொன்னால் மேனேஜருக்குக் கோபம் வரும், கில்ட் என்றுதான் சொல்ல வேண்டும். காட்டை வெட்டி இந்தத் தோட்டத்தைத் திறந்த முதல் துரை ஸ்கொட்லாந்துக்காரர். அவருடைய குலத்துக்கென்று ஒரு கட்டத்துணி இருக்கிறது. பச்சையும் கருநீலமும் கலந்த கட்டம், நடுவில் ஒற்றை வெள்ளைக் கோடு. ஹோட்டலில் திரைச்சீலை, மேசைவிரிப்பு, மெத்தை உறை, கழிப்பறையில் கை துடைக்கிற துண்டு வரைக்கும் அதே கட்டந்தான். விருந்தினர்கள் மாலைத் தேநீருக்கு வந்து உட்கார்ந்ததும் அந்தக் குலத்தின் வரலாற்றைச் சொல்வது என் வேலை.

மேனேஜர் எழுதிக் கொடுத்த வரலாறு அது. வடக்கு மலைகளில் ஒரு குலத்தலைவர் இருந்தாராம். அவரை அண்டி வாழ்ந்தவர்கள் எல்லாரும், இரத்த உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்களாம். பக்கத்துக் குலத்தின் மாடுகளை இரவோடிரவாக ஓட்டிக்கொண்டு வருவார்களாம். இதற்கு வீரம் என்று பெயர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற எங்கள் லயத்தில் ஒருவன் அடுத்தவன் மாட்டை அவிழ்த்தால் பொலிஸில் வைத்துப் பின்னிவிடுவார்கள். பிறகு ஒரு போரில் தோற்றார்கள். தோற்றவர்கள் இந்தத் துணியையே உடுத்தக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டது. அந்த இடத்தில் நான் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. தடை நீங்கிப் பல காலம் கழித்து ஓர் அரசனே இந்தத் துணியை உடுத்திக்கொண்டு ஊர்வலம் வந்தான். அவ்வளவுதான், பிரபுக்கள் எல்லாம் தையற்காரன் வீட்டுக்கு ஓடினார்கள்.

எந்தக் குலத்துக்கு எந்தக் கட்டம் என்று பாதிக்கு மேல் அப்போதுதான் துணி வியாபாரிகள் பிரித்துக் கொடுத்தார்களாம். பங்களா அலுமாரியில் துரைமார் விட்டுப்போன புத்தகங்களில் இதை நானே படித்தேன். மேனேஜரின் தாளிலோ, ஆதி காலந்தொட்டு வந்த கட்டம் என்று இருந்தது. விழாவுக்கு ஒரு கட்டம், வேட்டைக்கு ஒரு கட்டம், துக்கத்துக்குக்கூட ஒன்று, கறுப்பு வெள்ளையில். செத்த வீட்டுக்குப் போகவும் கட்டம் பார்க்கிற கூட்டம் என்று எனக்குள் திட்டிக்கொண்டே, வெளியே பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லி முடிப்பேன்.

தாளில் இல்லாத இன்னொன்றும் அந்தப் புத்தகங்களில் இருந்தது. போரெல்லாம் ஓய்ந்த பிறகு, ஆட்களைவிட ஆடுகள் அதிக இலாபம் தரும் என்று குலத்தலைவருக்குத் தோன்றிவிட்டது. தன் பெயரைத் தாங்கிய தன் சொந்த ஜனத்தையே அவர் வீடுகளைவிட்டு விரட்டினார். திரும்பி வந்துவிடக்கூடாது என்று கூரைகளுக்குத் தீ வைத்தார்கள். கிழவிகளைக் கட்டிலோடு தூக்கி வெளியே போட்டார்கள். ஜனம் கடற்கரைக்கும் கப்பலுக்கும் போனது, மலை முழுவதும் ஆடு மேய்ந்தது. அந்தத் தலைவரின் இளைய மகன்தான் எங்கள் மலைக்கு வந்த முதல் துரை. வேலையை நன்றாகப் பார்த்துப் பழகிவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"இதையும் சொல்லட்டுமா சார்?" என்று மேனேஜரிடம் ஒருமுறை கேட்டேன்.

"டீ குடிக்கிற நேரத்துல எதுக்கு ஒப்பாரி? மாடு ஓட்டுனதோட நிப்பாட்டு" என்றார். அவர் வெளியூர்க்காரர் இல்லை. தலவாக்கலையில் பிறந்தவர், நாங்கள் பேசுகிற பேச்சைத்தான் பேசுவார். அதனால்தான் அவர்மீது கோபம் இன்னும் கூடுதலாக வரும்.

பங்களாப் புல்வெளியின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தால் எங்கள் லயம் தெரியும். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பத்துக் காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. ஒன்றில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மா கலியாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான். அப்பாவின் பிணம் எடுத்ததும் அங்கிருந்துதான். ஆனால் தோட்டத்துச் சட்டம் வேறு. பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குக் கூப்பிடுகிற பேர்களில் வீட்டு ஆள் ஒருவரின் பேராவது இருந்தால்தான் காம்பரா. அம்மா ஓய்வு பெற்றதும் அவள் பேரை வெட்டிவிட்டார்கள். என் பேர் ஹோட்டலில் இருந்தது, தோட்டத்தில் இல்லை, அவர்கள் தயவில்தான் இருந்தோம். விருந்தினர் அறைகளில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும், எங்கள் கொடிக்கயிற்றுத் துணியும் அடுப்புப் புகையும் தெரியக்கூடாது என்று ஹோட்டல்காரர்கள் வெகுநாளாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். லயத்தை உடைத்து எல்லாரையும் தோட்டத்தின் உச்சியிலிருக்கிற மேல் டிவிசனுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

மேல் டிவிசனுக்கு பஸ் கிடையாது. ஒழுங்கான பாதையும் கிடையாது. அம்மாவுக்குச் சீனி வியாதி, இரண்டு முட்டியும் தேய்ந்து போனவை. மாதாமாதம் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கால் புண் வைத்துவிடும். மேலே கொண்டுபோய் வைத்தால் அவளால் இறங்க முடியாது. இறங்க முடியாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அம்மா அந்தக் காம்பராவிலேயே இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அப்போதுதான் குலத்தலைவர் வருகிறார் என்ற செய்தி வந்தது. பழைய தலைவரின் நேர் வாரிசு, மனைவியோடும் குலத்தார் இருபது பேரோடும்.

மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இந்தா பாரு புள்ள, வர்றது சும்மா டூரிஸ்ட் இல்ல. இவங்களுக்கு மனசு குளுந்துச்சுன்னா வருசா வருசம் கூட்டம் வரும். நல்லபடியா முடிச்சுக் குடு. லயத்தப் பத்தி நானே மேல பேசுறேன். ஒங்கம்மா காம்பராவ யாரும் தொட மாட்டாங்க."

நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

வரவேற்புக்கு அவர் கண்டுபிடித்த யோசனை என்னவென்றால், கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் சுற்றுகிற படங்குக்குப் பதிலாக அந்தக் குலத்துக் கட்டத்துணியைச் சுற்றிக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும் என்பது. படங்கு என்பது சாக்கோ பிளாஸ்டிக்கோ, செடி கிழிக்காமல் இருக்கக் கட்டுவது. அதோடு நின்றால் படம் எடுக்க நன்றாக இருக்காதாம். கொழும்பிலிருந்து துணிக்கட்டு வந்து இறங்கியது. அம்மாவிடம் தையல் மெஷின் இருந்ததால், ஓரம் அடிக்கச் சொல்லி அவளிடம் கொடுத்தார்கள். முட்டி வலியோடு மிதித்து மிதித்து அத்தனையையும் அடித்தாள்.

அடித்து முடித்து, வழக்கப்படி ஒவ்வொரு துணியின் நான்கு மூலையிலும் மஞ்சள் குழைத்துப் பொட்டு வைத்து, மடித்துக் கொடுத்தனுப்பினாள். புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் எங்களில் யார் உடுத்துவார்கள்? எனக்கும் அது தப்பாகவே படவில்லை. நானே பக்கத்தில் உட்கார்ந்து குழைத்துக் கொடுத்தேன்.

மேனேஜர் லயத்துக்கே இறங்கி வந்துவிட்டார். கையில் ஒரு துணி.

"யாரு பாத்த வேல இது?"

"நாந்தாங்க ஐயா" என்றாள் அம்மா. "மஞ்ச வைக்காம எப்படிங்க கட்டுறது?"

"ஐயோ, வெள்ளக் கோடுதான் இவங்க குலம்! இதே பச்ச, இதே நீலம், கோடு மட்டும் மஞ்சளா இருந்தா அது வேற குலம். பரம்பர எதிரி! வர்றவங்க கண்ணுல இது பட்டா என்னாகும்னு தெரியுமா?"

"கோடு எங்கங்க போட்டேன்? பொட்டுத்தானே வச்சேன்."

பக்கத்துக் காம்பராப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. உடனே எல்லாவற்றையும் கழுவிக் காயப்போடச் சொன்னார். கழுவினோம். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் என்ன ஆகும் என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும், அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பொட்டெல்லாம் சிவந்து, வெள்ளைக் கோட்டின்மீது இரத்தம் தெளித்த மாதிரி ஆனது. அதைப் பார்த்தவர் என் பக்கம் திரும்பி, "ஒங்கம்மா தன் காம்பராவுக்குத் தானே ஒல வச்சுக்கிச்சு" என்றார். அவரை அறைந்திருப்பேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

வேறு துணி வரவழைக்க நேரமில்லாமல் பெண்கள் அதையே சுற்றிக்கொண்டு நிற்க, குலத்தார் வந்தார்கள். தலைவர் நல்ல உயரம், பாவாடைக்குக் கீழே குளிரில் சிவந்த முட்டிகள். மெதுவாக, மரியாதையாகப் பேசினார். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்ட மனிதராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். பெண்களின் இடுப்புத்துணியில் சிவப்புப் பொட்டுகளைக் கண்டு, இது என்னவென்று கேட்டார். மேனேஜர் மூச்சையே நிறுத்திவிட்டார். புதுத்துணியை மங்கலமாக்குகிற எங்கள் வழக்கம் என்று சொன்னேன். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குக் கண் சீக்கிரம் கலங்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"எங்கள் குலத்துணியை ஆசீர்வதித்திருக்கிறார்கள்!" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். மஞ்சள் வைத்த அம்மாவை அழைத்து வரச் சொல்லி, தன் பாவாடைக்கும் ஒரு பொட்டு வைக்க வேண்டும் என்றார்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உடுத்துன துணிக்கு வைக்கிறதில்லன்னு சொல்லு. அதுவும் ஆம்பள கட்டியிருக்க பாவாடைக்கு நான் வைக்கமாட்டேன்."

வழக்கம் இடம் கொடுக்காது என்று மட்டும் மொழிபெயர்த்தேன். அதற்கும் அவர் நெகிழ்ந்தார். மேனேஜர் எனக்குப் பின்னால் நின்று, "பரவால்ல, பரவால்ல" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாலைத் தேநீரைப் புல்வெளியில் வைத்தார்கள். வழக்கம்போல் மாடு, போர், தடை, அரசன் எல்லாம் சொன்னேன். நிறுத்த வேண்டிய இடம் வந்தது. நான் நிறுத்தவில்லை. ஆட்டுக்காக ஆட்களை விரட்டியதைச் சொன்னேன். கூரைக்குத் தீ வைத்ததையும் கட்டிலோடு தூக்கிப் போட்டதையும் சொன்னேன். மேனேஜர் தேநீர்க் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார். பிறகு கையை நீட்டி லயத்தைக் காட்டினேன். அங்கே பத்துக் குடும்பங்கள் இருக்கின்றன, மஞ்சள் வைத்த என் அம்மாவும் அங்கேதான் இருக்கிறாள், அவர்களையும் காலி செய்யச் சொல்லப் போகிறார்கள் என்றேன். சுற்றி வளைக்கவில்லை. குழந்தைக்கும் புரிகிற மாதிரி தெளிவாகவே சொன்னேன்.

அழுதார்கள். சும்மா கண் கலங்கவில்லை, கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார்கள். ஒரு பெண் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். தலைவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உங்கள் கதையும் எங்கள் கதையும் ஒன்று" என்றார். பங்களாவில் படுக்கிறவர் அவர், லயத்தில் படுக்கிறவள் நான், எப்படி ஒன்றாகும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஆனால் அடுத்து அவர், "இந்த இடத்துக்கு நாங்கள் கட்டாயம் ஏதாவது செய்ய வேண்டும்" என்றாரே, அதில் மயங்கிவிட்டேன்.

வீட்டுக்கு ஓடிப்போய், "அம்மா, காம்பரா தப்பிச்சிருச்சு" என்றேன். அம்மா சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். "அழுதாங்கன்னா சொல்ற? பெரிய ஆளுங்க அழுதா எனக்குப் பயமா இருக்கும்டி" என்றாள். எதிலும் குறை காண்கிறாள் என்று அவள்மீது எரிந்து விழுந்தேன்.

சில வாரங்களில் செய்தி வந்தது. குலத்தார் நினைவுச்சின்னம் எழுப்பப் போகிறார்கள். விரட்டப்பட்ட தங்கள் முன்னோர்களுக்காக. கல்லின்மேல் கல்லாக அடுக்கிக் குவியல் எழுப்புவது அவர்கள் நாட்டு வழக்கமாம். இடம், நான் கைநீட்டிக் காட்டிய அதே இடம். அங்கேதான் தங்கள் முன்னோரின் துயரம் மனதில் இறங்கியது என்று தலைவர் எழுதியிருந்தாராம். லயத்துச் சுவர்கள் பழைய கருங்கல்லால் கட்டியவை, அதனால் கல்லைக்கூட வெளியே தேட வேண்டியதில்லை.

"எல்லாம் ஒன் பேச்சுதான் புள்ள!" என்றார் மேனேஜர். கிண்டல் இல்லை, மனதாரப் பாராட்டினார். "ஒப்பாரின்னு நெனச்சேன், நீ கல்ல கரைச்சுட்ட."

"எங்கம்மா காம்பரா?"

"மேல டிவிசன்ல குடுக்கச் சொல்லியிருக்கு. நான் என்ன செய்ய? மேலயிருந்து வந்த முடிவு."

கூரைத் தகரத்தைக் கழற்ற ஒரு நாள், சுவரை இடிக்க இரண்டு நாள். தீ வைக்கவில்லை. அதைக்கூட ஒரு பெருமையாகச் சொன்னார்கள், யாருடைய சாமானும் சேதமாகவில்லை என்று. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் சுமந்துகொண்டுதான் மேலே ஏற்றினோம். கூரை ஒழுகியது. கிளினிக் நாள் வந்தது, அவளால் இறங்க முடியவில்லை. அடுத்த மாதம் சுமந்து இறக்க ஆள் கிடைக்கவில்லை. நான் போய் மாத்திரை மட்டும் வாங்கி வந்தேன், நோயாளியைக் கூட்டி வரச் சொல்லித் தாதி ஏசினாள். பெருவிரலில் புண் வைத்தது. வேலையை விட்டுவிடலாம் என்றால் அந்த மாத்திரைக்கும் அரிசிக்கும் வேறு வழியில்லை. வெள்ளைக் கோடு, மாடு, போர், தடை, அரசன். மாலைதோறும் சொன்னேன். இப்போது விரட்டிய கதையையும் சேர்த்துச் சொல்லும்படி மேனேஜரே எழுதிக் கொடுத்திருந்தார்.

அடுத்த வருடம் திறப்பு விழாவுக்குக் குலத்தார் மறுபடி வந்தார்கள். மஞ்சள் வைத்த அம்மாளும் வர வேண்டும் என்று தலைவர் விசேடமாகக் கேட்டிருந்தார். மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். "வாரேன். எடத்தப் பாக்கணும்" என்றாள். அன்றைக்கு மட்டும் சுமக்க ஆட்களும், பாதையில் வாகனமும் தானாகக் கிடைத்தன.

காம்பரா இருந்த இடத்தில் புல் வளர்த்திருந்தார்கள். நடுவில் ஆள் உயரத்துக்குக் கல் குவியல். அதில் ஒரு பித்தளைத் தகடு, ஆங்கிலத்திலும் அவர்களுடைய பழைய பாஷையிலும் எழுத்து. தமிழில் ஒரு எழுத்து இல்லை. தலைவர் பேசினார். வீடிழந்தவர்களை நாம் மறக்கக்கூடாது, அவர்களின் கண்ணீர் இந்தக் கற்களில் இருக்கிறது என்றார். அழுதார். மற்றவர்களும் அழுதார்கள். நான் தமிழில் சொல்லச் சொல்ல, எங்கள் பெண்கள் கட்டத்துணியைச் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

வந்தவர்கள் ஆளுக்கொரு கல்லைக் குவியலில் வைப்பது வழக்கம் என்று, தலைவர் ஒரு கல்லைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இவங்க ஆளுகள வீட்ட விட்டு வெரட்டுனது யாராம்? வெளியாளா?"

"இல்லம்மா. இவங்க குலத்தலைவர்தான். இவரு தாத்தாவுக்குத் தாத்தா."

"அவரும் அழுதாரான்னு கேளு."

கேட்டேன். ஒரு வார்த்தையையும் மென்மையாக்கவில்லை. மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். தலைவர் கோபப்படவில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, "ஆமாம். மிகவும் அழுதார் என்று எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். அவரால் தாங்க முடியவில்லையாம்" என்றார்.

அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் தலைவரின் ஈரக் கண்களைக் கொஞ்சநேரம் பார்த்தாள். கல்லை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அப்ப இது இவங்க குல வழக்கம்" என்றாள். "என்னைய மேல கொண்டுபோங்க."

அம்மா என்ன சொன்னாள் என்று தலைவர் ஆவலோடு கேட்டார். சொன்னேன். அந்த ஹோட்டலில் நான் மொழிபெயர்த்த கடைசி வாக்கியம் அதுதான்.